காட்டைக் காப்பவர்கள் கம்பத்தைக் கேட்கத் தொடங்கிய வரலாறு

அனைத்துலக வனவிலங்குப் பாதுகாப்பு இயக்கங்கள் என்றதும் யானையின் காலடியை அளப்பவர், புலி வரும் பாதையில் கேமரா கட்டுபவர், ஆமை முட்டைக்குக் காவல் இருப்பவர் ஆகியோரே நினைவுக்கு வருகிறார்கள். அதே இயக்கங்களில் இன்னொரு பிரிவும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே விலங்கியல் படித்தவர்கள் குறைவு. மானிடவியல், சமூகவியல், பொருளியல் படித்தவர்களே அதிகம். ஒரு காட்டைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தால் அதன் ஓரத்தில் வாழும் குடும்பத்தின் சோற்றுப் பானை என்ன ஆகிறது என்று பார்ப்பது அவர்களின் வேலை. சமூக அறிவியல் பிரிவு என்று அதற்குப் பெயர்.

அந்தப் பிரிவின் தலைவருக்கு ஒரு சங்கடம் உண்டு. தமக்குச் சம்பளம் கொடுக்கும் இயக்கம் செய்கிற நல்ல காரியத்தால் யாருக்கு நட்டம் என்பதை அந்த இயக்கத்திடமே அவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்களின் பேச்சு எடுபட்டதா? அதற்கு நூறாண்டுக் கதை உண்டு.

வேட்டைக்காரர்கள் தொடங்கிய இயக்கம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்காவானது. 1903இல் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசின் காட்டு விலங்குகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் உருவானது. அதில் சேர்ந்தவர்கள் பிரபுக்கள், காலனி அதிகாரிகள், பெருவேட்டைக்காரர்கள். சுட்டுத் தள்ளியவர்களே காப்பாற்றவும் கிளம்பியதால், மனம் வருந்திய கசாப்புக்காரர்கள் என்ற கேலிப் பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. 1948இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும், 1961இல் பாண்டா சின்னம் தாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயக்கமும் பிறந்தன. இவற்றை நடத்தியவர்களில் விலங்கியல் அறிஞர்கள் இருந்தார்கள், இளவரசர்கள் இருந்தார்கள், செல்வந்தர்கள் இருந்தார்கள். காட்டுக்குள் வாழ்ந்த குடியானவனின் குரல் அந்த மேசையில் இல்லை.

அந்தக் காலத்து மனப்போக்கைப் புரிந்துகொள்ள இன்றைய தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டியைப் பார்த்தால் போதும். ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரை போலக் கோடு போட்ட சிறு விமானத்தில் பறந்து பறந்து அந்தச் சமவெளியின் விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் விமானம் விழுந்து மகன் இறந்தார். அதே ஆண்டில் தந்தை வெளியிட்ட புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அதே பெயரில் வந்த ஆவணப்படம் ஆஸ்கார் விருதும் வாங்கியது. மகனைப் பறிகொடுத்தும் வேலையை விடாத அந்தத் தந்தையின் உறுதியை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் அதே 1959இல்தான் செரெங்கெட்டி பூங்காவிலிருந்து மாசாய் மக்கள் மாடுகளோடு வெளியேற்றப்பட்டு, பக்கத்து இங்கோரோங்கோரோ மேட்டு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என்பது அன்றைய ஏற்பாடு. விலங்குகளை ஆகாயத்திலிருந்து எண்ணிய அக்கறையோடு, வெளியேறிய குடும்பங்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து எப்படி வாழ்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு எந்தப் பாதுகாப்பு இயக்கத்திடமும் இல்லை. 2022 முதல் தான்சானிய அரசு இங்கோரோங்கோரோவிலிருந்தும் மாசாய் குடும்பங்களைத் தொலைவிலுள்ள ம்சோமெராவுக்கு மாற்றத் தொடங்கியது. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. நெருக்கடி கொடுத்து விரட்டுகிறார்கள் என்கிறார்கள் மாசாய் தலைவர்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு கேட்காத கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

தேன்கூடும் பள்ளிக்கூடமும்

1980களில் காற்று மாறியது. காலனிகள் விடுதலை பெற்று இருபது, முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏழைக் குடியானவனைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க முடியாது என்பதை இயக்கங்கள் உணரத் தொடங்கின. 1985இல் அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.எஃப். காட்டு நிலங்களும் மனிதத் தேவைகளும் என்ற பொருளில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. பூங்காவின் ஓரத்துக் கிராமத்துக்குக் கிணறு, பள்ளிக்கூடம், தேனீப் பெட்டி, மரக்கன்று எல்லாம் கொடுத்தால் அவர்கள் காட்டுக்குள் போகமாட்டார்கள் என்பது கணக்கு. நிதி கொடுப்பவர்களுக்கு இந்தத் திட்டங்கள் மிகவும் பிடித்துப்போயின. விலங்கும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கணக்கு சரிதானா என்று 1992இல் மைக்கேல் வெல்ஸ், கேத்ரினா பிராண்டன் என்ற இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவில் 23 திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் கிராமத்துக்கு ஏதோ நன்மை கிடைத்திருந்தது; ஆனால் அந்த நன்மைக்கும் காட்டைக் காப்பதற்கும் தொடர்பே இல்லை. தேன் விற்ற காசில் வாழ்வு சற்று உயர்ந்த குடும்பம் காட்டுக்குப் போவதை நிறுத்திவிடும் என்று யார் சொன்னது? வேட்டையாடுகிறவர் ஒருவர், தேனீப் பெட்டி வாங்கியவர் வேறொருவர் என்றும் இருக்கலாம் அல்லவா? இந்த ஆய்வை வெளியிட்டவர்களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயக்கமும் உலக வங்கியும் உண்டு. தங்கள் பணத்தில் நடந்த திட்டங்களின் குறையைத் தாங்களே அச்சிட்டார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகும் அதே மாதிரித் திட்டங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரவாக்கில் கிடைத்த பதில்

கேட்க வேண்டியவர்களைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு மலேசியாவிலேயே இருக்கிறது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் 1895இல் விலங்கியல் சங்கமாகத் தொடங்கப்பட்டது. அதன் சார்பில் சரவாக்கில் பணியாற்றியவர் எலிசபெத் பென்னட். அவர் வந்தது தும்பிக்கைக் குரங்கை ஆராய. பட்டம் விலங்கியலில், ஆனால் வேலை அவரை மனிதர்களிடம் கொண்டுபோய்விட்டது.

1990களின் நடுவில் அவரும் சரவாக் வன இலாகாவினரும் வேட்டையைப் பற்றி உட்பகுதிகளில் ஆய்வு நடத்தினார்கள். நீண்ட வீடுகளில் தங்கி, எந்த விலங்கு பிடிபட்டது, யார் வீட்டுக் குழம்புக்குப் போனது, எவ்வளவு வெளியே விற்கப்பட்டது என்று கேட்டார்கள். காட்டுப் பன்றியும் கடமானும் குறைவதற்கு உட்பகுதி மக்களின் பசிதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெட்டுமரச் சாலைகள் காட்டின் நடுவரை போய்விட்டன. அந்தச் சாலையில் ஏறிய இறைச்சி நகரத்து உணவுக் கடைகளுக்குப் போனது. சரவாக் முழுவதும் ஓராண்டில் விற்பனையான காட்டு இறைச்சி 1,000 டன்னைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள்.

இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. பசிதான் காரணம் என்றால் தண்டிக்கப்பட வேண்டியவர் நீண்ட வீட்டுக்காரர். வியாபாரம்தான் காரணம் என்றால் தடுக்கப்பட வேண்டியது கடை. 1996இல் சரவாக் வனவிலங்குப் பெருந்திட்டம் தயாரானது. 1998இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு விற்பனையைத் தடை செய்தது. உட்பகுதி மக்கள் தங்கள் உணவுக்காகச் சாதாரண விலங்குகளை வேட்டையாடுவதற்கு வழி விட்டது. விலங்குகள் அற்றுப்போனால் முதலில் பட்டினி கிடப்பது அந்த மக்கள்தான் என்பதால், உட்பகுதித் தலைவர்கள் பலர் விற்பனைத் தடையை வரவேற்றார்கள். சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் குற்றவாளி யார் என்பதில் தவறு நேராமல் காத்தது, வீடு வீடாகப் போய்க் கேட்ட அந்த ஆய்வுதான்.

இடம்பெயர்ந்தவர் யார்?

2003ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. பாதுகாப்பு உயிரியல் அறிஞர்களின் அனைத்துலகச் சங்கத்துக்குள் சமூக அறிவியலுக்கென்று தனிக் குழு அந்த ஆண்டில் உருவானது. அதை உருவாக்க முன்நின்றவர்களில் ஒருவர் மைக்கேல் மாசியா. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயக்கத்தின் அமெரிக்கக் கிளையில் சமூக அறிவியல் பணியை நடத்தியவர். பின்னர் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் இயக்கத்தில் அதே துறைக்குத் தலைமை ஏற்றவர். ஓர் உயிரினம் அழிவதும் பிழைப்பதும் மனிதர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. ஆகவே மனிதர்களைப் படிக்கும் அறிவியலுக்குப் பாதுகாப்புத் துறையில் சம இடம் வேண்டும் என்பது அவரும் சகாக்களும் முன்வைத்த வாதம்.

அதே 2003 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உலகப் பூங்கா மாநாடு கூடியது. பூர்வகுடிப் பிரதிநிதிகள் என்றுமில்லாத எண்ணிக்கையில் வந்து, பூங்காக்களுக்காகத் தாங்கள் இழந்த நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டில் மாக் சாப்பின் என்ற மானிடவியலாளர் எழுதிய கட்டுரை மூன்று பெரிய இயக்கங்களைப் பெயர் சொல்லித் தாக்கியது. பணம் பெருகப் பெருக இவை பூர்வகுடி மக்களை விட்டு விலகிப்போகின்றன என்று அவர் குற்றம் சாட்டினார். பெரும் சலசலப்பு எழுந்தது.

சண்டை எண்ணிக்கையில் வந்து முட்டிய இடம் மத்திய ஆப்பிரிக்கா. காபோன் நாட்டில் அதிபர் ஒமர் போங்கோ 2002இல் ஒரே அறிவிப்பில் 13 தேசியப் பூங்காக்களை உருவாக்கினார். நாட்டின் பரப்பில் சுமார் 11 விழுக்காடு. நியூயார்க் சங்கத்தைச் சேர்ந்த மைக் ஃபே என்பவர் 15 மாதம் காட்டுக்குள் சுமார் 3,200 கிலோமீட்டர் நடந்து சேர்த்த தகவலும் படங்களும் அதற்குத் தூண்டுகோலாயின. மறுபுறம், உலக வங்கி முதன்முதலாக வேலைக்கு எடுத்த சமூகவியலாளரான மைக்கேல் செர்னியா, கை ஷ்மிட் சோல்டாவ் என்பவருடன் சேர்ந்து வேறொரு கணக்கைப் போட்டார். ஆறு நாடுகளில் 12 பூங்காக்களை ஆராய்ந்து, அவற்றால் வாழ்விழந்தோர் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்று எழுதினார்கள். அது ஆதாரமற்றது என்று பாதுகாப்பு இயக்கங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மக்கள் அடர்த்தியை வைத்துப் பெருக்கிப் போட்ட எண் அது, உண்மையில் விரட்டப்பட்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள்.

யார் சொன்னது சரி? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இடம்பெயர்ந்தவர் என்றால் யார்? வீட்டை இழந்தவர் மட்டுமா? வீடு அப்படியே நிற்க, வேட்டையும் மீனும் விறகும் கிடைத்த காட்டுக்குள் இனிமேல் நுழையாதே என்று தடுக்கப்பட்டவரும் இடம்பெயர்ந்தவர்தான் என்பது செர்னியா தரப்பின் வாதம். உலக வங்கியும் தன் விதிகளில் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. தோட்டம் விற்கப்பட்டு மரம் வெட்டப்பட்ட பிறகும் லயத்து வீட்டிலேயே சில மாதம் குடியிருந்த குடும்பங்களைப் பார்த்த மலேசியத் தமிழருக்கு இந்த வாதத்தை விளக்கவே தேவையில்லை. கூரை இருந்தது, பிழைப்பு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் சமூக அறிவியல் பிரிவு என்ற ஒன்றின் பயன் தெரிகிறது. நியூயார்க் சங்கத்தின் டேவிட் வில்கியும் சகாக்களும் வாய்ச்சண்டையை நிறுத்தி அளந்து பார்ப்போம் என்றார்கள். காபோனின் புதிய பூங்காக்களில் கட்டுப்பாடுகள் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அருகிலுள்ள கிராமங்களில் குடும்பக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். தொலைவில், பூங்காவின் நிழல் படாத கிராமங்களிலும் அதே கேள்விகள் கேட்கப்பட்டன. பூங்கா ஓரத்துக் கிராமம் மட்டும் ஏழையானால் பூங்காவைச் சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏழையானால் காரணம் வேறு. புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர் செய்வதும் இதைத்தானே!

அதே சங்கம் பல நாடுகளில் பயன்படுத்தும் மற்றொரு முறை இன்னும் எளிமையானது. ரிக் டேவிஸ் என்பவர் உருவாக்கிய அதற்கு அடிப்படைத் தேவைகள் ஆய்வு என்று பெயர். காட்டோரத்துக் குடும்பத்திடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. சம்பளச் சீட்டா இருக்கிறது? அதனால் ஊராரையே கேட்கிறார்கள். ஒரு குடும்பம் இல்லாமல் இருக்கக் கூடாத பொருள்கள் எவை? கொசுவலையா, தகரக் கூரையா, நல்ல கத்தியா, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சீருடையா? ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் தேவை என்று சொன்னவை மட்டும் பட்டியலில் நிற்கும். பிறகு எந்தெந்த வீட்டில் எவை இருக்கின்றன என்று பார்ப்பார்கள். யார் ஏழை என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிப்பதில்லை; அந்த ஊரே தீர்மானிக்கிறது. மூன்று, நான்கு ஆண்டு கழித்து அதே வீடுகளுக்கு மறுபடியும் போனால் நிலைமை ஏறியதா இறங்கியதா என்பது தெரிந்துவிடும்.

இந்தோனேசியாவின் மேற்குப் பாப்புவாவில், ராஜா அம்பாட் தீவுகள் அடங்கிய கடல் பகுதியிலும் 2010 முதல் இப்படியொரு நீண்டகால ஆய்வு நடந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். இயக்கமும் மனோக்வாரியிலுள்ள பாப்புவா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியவை அவை. வருமானம், உடல்நலம், கல்வி, பண்பாடு, முடிவெடுப்பதில் உள்ள பங்கு என்று ஐந்து கோணங்களில் மீனவக் குடும்பங்களைப் பார்த்தார்கள். படகில் போய்க் கேள்வித்தாள் நிரப்பியவர்கள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தினர். வெளிநாட்டு நிபுணர் வந்து கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டர்பனிலிருந்து வந்த நீதிபதி

அளக்கும் முறை வளர்ந்துவிட்டது, நிபுணர்கள் வந்துவிட்டார்கள், கொள்கைகளும் இருந்தன. பூர்வகுடி மக்களின் உரிமைகளை மதிப்போம் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். 1996லேயே கொள்கை அறிக்கை வெளியிட்டது. பெரிய பாதுகாப்பு இயக்கங்களில் அப்படிச் செய்த முதல் இயக்கம் அதுதான். ஆனால் 2019 மார்ச்சில் பஸ்ஃபீட் நியூஸ் செய்தி நிறுவனம் ஓர் அதிர்ச்சியான தொடரை வெளியிட்டது. அந்த இயக்கம் ஆதரவளித்த பூங்காக்களின் வனக்காவலர்கள், நேப்பாளத்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் கிராமத்தாரை அடித்தும் சித்திரவதை செய்தும் கொன்றும் இருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு.

விசாரிக்க அமைக்கப்பட்ட சுயேச்சைக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் நவநீதம் பிள்ளை. 1941இல் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். தந்தை பேருந்து ஓட்டுநர். 1967இல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண்மணி அவர். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த அனைத்துலக நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் இருந்தவர்.

2020 நவம்பரில் வந்த அறிக்கை நிதானமானது. இயக்கத்தின் ஊழியர்கள் கொடுமைகளில் ஈடுபட்டதற்கோ தூண்டியதற்கோ சான்று இல்லை என்றது. அத்தோடு நிற்கவில்லை. மனித உரிமையைக் காப்போம் என்று தானே எழுதிவைத்த உறுதிமொழிகளை இயக்கம் பல இடங்களில் நிறைவேற்றவில்லை என்றும், குறிப்பாகக் காங்கோ படுகையில் குற்றச்சாட்டுகள் காதுக்கு வந்த பிறகும் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் கண்டது. பழியை அரசுகள் மீது போட்டுவிட்டு இயக்கத்தைத் தப்பவிட்டார்கள் என்று பூர்வகுடி உரிமை அமைப்புகள் குறை கூறின. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அறிக்கையைப் பொறுமையாகப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். கேட்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனதல்ல குறை. அவர்கள் கேட்டுவந்து சொன்னபோது பணத்தை நிறுத்தவோ, திட்டத்தைத் தள்ளிப்போடவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. விலங்கு குறைகிறது என்ற அறிக்கை வந்தால் அன்றே கூட்டம் கூடுகிறது. கிராமத்தில் அடி விழுகிறது என்ற அறிக்கை வந்தால் கோப்பில் சேர்கிறது.

அதன் பிறகு அந்த இயக்கம் புகார்களைக் கேட்பதற்கென்று ஒரு நடுவர் அலுவலகத்தை அமைத்தது. அந்த நடுவர் பாதுகாப்புத் திட்டங்களை நடத்தும் மேலாளர்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். நேராக அனைத்துலக வாரியத்துக்கே அறிக்கை கொடுக்கிறார். சமூக அறிவியலாளர்களுக்குக் கிடைக்காத இடம் அது. காமரூன் காட்டில் வாழும் பாக்கா மக்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருக்கும் அந்த அலுவலகத்தை எப்படி எட்டுவார் என்பது வேறு விஷயம்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் உலக நிலப்பரப்பிலும் கடல் பரப்பிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்று முடிவு செய்தன. பூர்வகுடிகளின் உரிமைகளை மதித்தே செய்ய வேண்டும் என்ற வாசகமும் அந்த முடிவிலேயே சேர்க்கப்பட்டது. அன்று பாதுகாக்கப்பட்டிருந்த நிலம் சுமார் 17 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி ஆளில்லா நிலம் அல்ல. மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் காட்டு நெல் விதைப்பவரும் இன்று குடியிருக்கும் நிலம். காபோனில் செய்ததுபோல், எல்லைக் கல் நடுவதற்கு முன்பே அந்த வீடுகளுக்கெல்லாம் கேள்வித்தாளோடு யாராவது போயாக வேண்டும்.